ஷெரிப்புக்குப் பிள்ளைகள் இருந்தார்களா?

நியூ மெக்சிகோ பயணத்தை ஏற்பாடு செய்த ஆஸ்டின் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். பயணத்தில் சாப்பாடு, தங்குமிடம் எதிலும் குறை சொல்ல மாட்டேன். ஃபோர்ட் சம்னரில், அந்தக் காலத்துப் பேர்போன கொள்ளைக்காரன் பில்லி த கிட் கல்லறை முன்னால் வரிசை கட்டி நின்று படம் எடுத்துக்கொண்டோம். கல்லையே திருடிக்கொண்டு போகிறார்கள் என்று இரும்புக் கூண்டு போட்டு வைத்திருந்ததில் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. பஸ் ஏறும்போது என் மகள் கேட்டாள்: "அவனைச் சுட்ட ஷெரிப்புக்குப் பிள்ளைங்க இருந்தாங்களாப்பா?" எனக்குத் தெரியவில்லை. மைக் பிடித்திருந்தவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் தேடிப் படித்தேன்.

எட்டுப் பிள்ளைகள். அந்த ஷெரிப்பின் பெயர் பாட் காரெட். அலபாமாவில் 1850இல் பிறந்து, லூயிசியானாவில் வளர்ந்து, பிழைக்க மேற்கே வந்தவர். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள் என்பதால் ஸ்பானிஷ் பேசும் மக்கள் 'ஹுவான் லார்கோ' என்றார்கள். நெட்டை ஹுவான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் பட்டப்பெயர் வைக்கிற புத்தி ஒன்றுதான் போலிருக்கிறது. 1880 ஜனவரியில் அந்த மண்ணின் பெண்ணான அபொலினாரியா குத்தியேரஸைக் கல்யாணம் செய்தார். அதே வருஷம் நவம்பரில் லிங்கன் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) மக்கள் ஓட்டுப் போட்டு அவரை ஷெரிப், அதாவது காவல் தலைவர், ஆக்கினார்கள். 1881 ஜூலை 14 ராத்திரி பில்லியைச் சுட்டார். பயணத்தில் நாம் கேட்ட கதை அத்தோடு முடிந்துவிட்டது.

அவருடைய மகள் எலிசபெத்துக்குச் சின்ன வயதிலேயே கண் பார்வை இல்லை. அவளைப் படிக்க அனுப்பியது எங்கே தெரியுமா? நம்ம ஆஸ்டினுக்கு! பார்வையற்றோர் பள்ளி இன்றும் இங்கே நடக்கிறது, நம்மில் பாதிப் பேர் தினமும் காரில் அந்தப் பக்கம் போய் வருகிறோம். பின்னாளில் பாடகியாக, இசை ஆசிரியையாக வாழ்ந்தார். 'ஓ ஃபேர் நியூ மெக்சிகோ' அவர் எழுதி மெட்டமைத்த பாட்டு. 1917இல் அதை மாநிலப் பாடலாக ஏற்றுக்கொண்டார்கள். தான் கண்ணால் பார்க்காத மலையையும் வானத்தையும் அவர் பாடி வைத்ததைத்தான் அந்த மாநிலம் இன்னும் பாடுகிறது.

அப்பாவின் முடிவு நல்லதாக இல்லை. 1908 பிப்ரவரி 29 அன்று நியூ மெக்சிகோவில் லாஸ் குரூசஸ் ஊருக்குப் போகும் வழியில் யாரோ சுட்டுக் கொன்றார்கள். பழி சுமத்தப்பட்டவரை நீதிமன்றம் விடுவித்தது. உண்மையில் சுட்டது யார் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. கடைக்குட்டி ஜார்விஸுக்கு அப்போது மூன்று வயதுகூட ஆகவில்லை. அந்தப் பையன் வளர்ந்து ஆளாகி, 1940 வாக்கில் அப்பா விழுந்த இடத்தைத் தேடிப் போனார். சிலுவை செதுக்கிய ஒரு கல்லைச் சுற்றி கான்கிரீட் கொட்டி, ஈரம் காய்வதற்குள் அப்பா பெயரையும் தேதியையும் கீறி வைத்தார். கோணல்மாணல் எழுத்து. கூண்டு கிடையாது.

அடுத்த தடவை பஸ் லாஸ் குரூசஸ் வழியாகப் போகட்டும். காரெட் குடும்பத்தின் கல்லறை அங்கே மேசானிக் இடுகாட்டில் இருக்கிறது. ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். எலிசபெத்தின் பாட்டைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுக்க நான் தயார். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் கொடுங்கள்.

அன்புடன்,
கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்த ஒரு தகப்பன்