நிலம் இல்லாதவர் இழந்ததை யார் கணக்கெடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலாற்றில் தோல் கழிவு கலந்த வழக்கில் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. இழப்பீடு இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் அரசு கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை மாசு செய்தவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று சொன்ன அந்தத் தீர்ப்பை மனசார வரவேற்கிறேன். ஆனால் இழப்பீட்டுப் பட்டியலில் என் அம்மாவின் பெயர் இல்லை. எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூட கிடையாது.

நான் ஆம்பூருக்குப் பக்கத்தில் ஆற்றோரக் கிராமத்தில் பிறந்தவள். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்த்தான் எங்களை வளர்த்தார். ஆற்று மணலில் கையால் ஊற்று தோண்டி, தெளியும் வரை காத்திருந்து, குடத்தில் மொண்டு வருவோம். அந்தத் தண்ணீர் ஒரே நாளில் கெட்டுப்போகவில்லை, முதலில் பருப்பு வேகவில்லை, அப்புறம் லேசாகக் கரித்தது, அப்புறம் மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டது. தென்னையில் காய் சிறுத்தது. நிலத்துக்காரர் இரண்டு மூன்று வருடம் பார்த்துவிட்டு நெல் வைப்பதையே நிறுத்திவிட்டார். அவருடைய கிணற்றையும் நிலத்தையும் வந்து அளந்து எழுதிப்போனார்கள், அது நியாயம்தான். அந்த நிலத்தில் வருடத்துக்கு நூறு நாளாவது கூலி வாங்கிய பெண்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேலை இல்லாமல் போன அம்மா கடைசியில் போய்ச் சேர்ந்தது ஒரு தோல் தொழிற்சாலையில். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு போட்டுத்தான் வரும், அதை உதறித் தள்ளுவதுதான் அவர் வேலை. தோலைக் கழுவும்போது மீதி உப்பும், பதனிடும்போது குரோமியமும் கழிவு நீரில் இறங்குகின்றன. முன்பு ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்டார்கள், சீக்கிரம் முடிகிறது என்று குரோமியத்துக்கு மாறினார்கள். எந்த உப்பு வயலைக் கெடுத்ததோ அந்த உப்பையே அம்மா பதினான்கு வருடம் வெறுங்கையால் உதறினார். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்ட நாட்கள் உண்டு.

வசதி உள்ளவர்கள் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள், சிலர் விற்றுவிட்டு வேலூருக்குக் குடிபோனார்கள். நாங்கள் கேன் தண்ணீர் வாங்குகிறோம்.

2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தபோது எல்லோரும் ஓடி வந்தார்கள். ஆனால் அதே ராணிப்பேட்டையில், எப்போதோ மூடிப்போன ஒரு ஆலையின் குரோமியக் கழிவு தொண்ணூறுகளிலிருந்து மலையாகக் கிடந்து, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நிலத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்ததே, அதற்கு யார் ஓடி வந்தார்கள்? இடிந்து விழுந்தால் செய்தி, ஊறி இறங்கினால் யாருக்கும் தெரிவதில்லை. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று இதே பாலாற்று வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்றே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்று பிறந்த பிள்ளைக்கு இன்று பிள்ளை இருக்கும்.

தொழிற்சாலைகளை மூடச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டில் அடுப்பு எரிவதே ஷூ கம்பெனி சம்பளத்தில்தான். நான் கேட்பது வேறு. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் 2025 தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அந்தக் குழு பட்டாவையும் கிணற்றையும் மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல் காலனித் தெருக்களுக்கும் வர வேண்டும். போன கூலி எவ்வளவு, தண்ணீருக்கு மாதம் எவ்வளவு போகிறது, தோல் தொழிற்சாலை வேலையில் யார் யாருக்குக் கை கால் கெட்டது என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும்.

அம்மாவுக்கு 71 வயது. எந்த வயலில் எந்த வருடத்தோடு நடவு நின்றது என்று இன்றும் வரிசையாகச் சொல்வார், யாராவது வந்து எழுதிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆம்பூர் வட்டம்