மருமகளுக்கு ஒரு வருடக் கணக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

உன் அப்பாவின் கூடப் பிறந்த அத்தை எழுதுவது. போன வாரம் தொலைபேசியில் பேசும்போது, "மாசத்துக்கு எவ்வளவு இருந்தா இந்த வீட்டை நடத்தலாம் அத்தை?" என்று கேட்டாய். உடனே ஒரு தொகையைச் சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டு மூன்று நாளாக அந்தக் கேள்வியையே மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன். முதல் தேதி சம்பளம் வருகிற சென்னை வீட்டில் வளர்ந்துவிட்டு, விளாத்திகுளத்துப் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசலை நம்பியிருக்கும் வீட்டுக்கு வாழ வந்திருக்கிறாய். இங்கே பணம் மாதத்துக்கு ஒரு முறை வருவதில்லை. புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழைக்குக் காத்திருந்து, தை மாசியில் உளுந்தும் பாசியும் மல்லியும் களத்துக்கு வந்து, பங்குனியில் மிளகாய் வத்தல் காய்ந்து விலையான பிறகுதான் கையில் காசு புரளும். அதனால் இந்த வீட்டின் செலவை மாதக் கணக்கில் எழுதினால் எந்த மாதமும் உனக்குக் கணக்கு நேராகாது. வருடக் கணக்கில்தான் எழுத வேண்டும். எந்தப் பொருள் எந்தப் பருவத்தில் மலிவாகவும் நல்லதாகவும் கிடைக்கும், அதை எப்படிப் பக்குவம் செய்து அடுத்த பருவம் வரை காப்பது என்று தெரிந்துவிட்டால், நம் பக்கத்துச் சிக்கனத்தில் முக்கால் பங்கு கைவந்துவிடும்.

புளியிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் நான் முதலில் அடிபட்டேன். மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை புதுப்புளி வரும். கடையில் மாதம் ஒரு கிலோ என்று வாங்குகிறவர்கள் விலை ஏறிய மழைக்காலத்திலும் அதே ஒரு கிலோவை வாங்கித்தான் ஆக வேண்டும். அது எந்த வருடத்துப் புளி என்பதும் தெரியாது. ஐந்து பேர் சாப்பிடும் எங்கள் வீட்டுக்குக் கொட்டை எடுத்த புளி வருடத்துக்கு 12 கிலோ போதும். ஓட்டோடு வாங்கினால் ஓடும் நாரும் கொட்டையும் போக ஏறத்தாழப் பாதிதான் தேறும் என்பதால் 25 கிலோவுக்குக் குறையாமல் வாங்குவேன். இரண்டு நாள் நல்ல வெயிலில் காயப்போட்டால் ஓடு தொட்டவுடன் நொறுங்கி விலகும். பிறகு நாரை உருவி, அரிவாள்மனையில் வைத்து ஒவ்வொரு சுளையாகப் பிளந்து கொட்டையைத் தள்ள வேண்டும். காலை ஒன்பது மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் தங்கள் அரிவாள்மனையோடு வந்து உட்காருவார்கள். அடுத்த நாள் அவர்கள் வீட்டுப் புளிக்கு நாம் போக வேண்டும். கூலி கொடுக்காமல் வேலை முடிவது அப்படித்தான். கொட்டையையும் எறிந்துவிடாதே, அதை எடை போட்டு வாங்க வியாபாரிகள் வருவார்கள். அதை மாவாக்கி நூல் பாவுக்குக் கஞ்சி போடப் பயன்படுத்துகிறார்கள்.

கொட்டை எடுத்த பிறகு புளியை மறுபடியும் ஒரு நாள் முழுக்க வெயிலில் காட்ட வேண்டும். இதைத்தான் நான் வந்த வருடம் செய்யவில்லை. வானம் மூடாக்குப் போட்டிருந்தது. இரண்டு நாள் காய்ந்ததே போதும் என்று பானையில் அடைத்துவிட்டேன். ஆடியில் பானை வாயில் கட்டிய துணியை அவிழ்த்துப் பார்த்தால் மேலிருந்து அடி வரை புழு. 12 கிலோவையும் குப்பைக்குழியில் கொட்டினேன். என் மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பானையை எடுத்துப்போய்க் கழுவி, மூன்று நாள் முற்றத்து வெயிலில் கவிழ்த்து வைத்து, அடுத்த மாசியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஒரு அடுக்குப் புளி, அதன்மேல் ஒரு கைக் கல்லுப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு, கை முட்டியால் காற்றுப் புகாமல் அமுக்கி, வெள்ளைத் துணியால் வேடு கட்டிக் காட்டினார். ஈரக் கை பட்டால் அந்த வருடம் போயிற்று என்று நினைத்துக்கொள். நான் இன்றைக்கும் புளி எடுப்பதற்கு முன் கையை முந்தானையில் இரண்டு முறை துடைக்கிறேன்.

வத்தலும் மல்லியும் உங்கள் புஞ்சையிலேயே விளைவதால் உனக்கு அந்தச் செலவு கிடையாது. ஆனால் விலை நன்றாக இருக்கிறதே என்று களத்திலிருந்தே அத்தனையையும் மூட்டை கட்டி ஏற்றிவிடுவார்கள். வீட்டுக்கு வேண்டியதை எடுத்து வைத்த பிறகுதான் மூட்டையின் வாயைத் தைக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடு. விற்றதையே கார்த்திகையில் கடையில் திரும்ப வாங்கிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். துவரை விளைந்தால் அதைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைத்து வைத்துக்கொள். வண்டு அண்டாது, வேண்டியபோது கழுவித் திருகையில் உடைத்துக்கொள்ளலாம். உளுந்துக்குக் காய்ந்த வேப்பிலையும் ஒரு துண்டு வசம்பும் போதும். கருப்பட்டி மட்டும் மழைக்காலத்து ஈரத்தில் கசிந்துவிடும். அதற்குத்தான் அடுப்புக்கு மேலே பரண் போட்டு, ஓலைப்பெட்டியில் வைத்துப் புகை படும்படி வைத்தார்கள்.

அடுப்பு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பின்கட்டில் இருக்கும் மண் அடுப்பை இடித்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். இடிக்காதே. அது கொடி அடுப்பு. பெரிய வாயில் சோறு கொதிக்கும்போது அதன் அனல் உள்வழியாகப் போய்ப் பக்கத்துச் சிறிய வாயில் குழம்பைச் சுண்ட வைக்கும். ஒரு விறகில் இரண்டு வேலை. சீமைக்கருவேல விறகு நின்று எரியும், கங்கும் நீடிக்கும். சமையல் முடிந்த கங்கில் கருவாடு சுடலாம், குளிக்கிற வெந்நீர் வைக்கலாம், மறுநாள் சாம்பலில் பாத்திரம் துலக்கலாம். ஆனால் வெந்நீர், நெல் அவித்தல், விருந்துச் சமையல் ஆகியவற்றோடு அந்த அடுப்பு நிற்கட்டும். அன்றாடச் சமையலுக்கு எரிவாயுதான் வேண்டும். 14.2 கிலோ சிலிண்டர் தீர்ந்துவிடுமே என்று அஞ்சிப் புகைக்குள் உட்கார்ந்தால், மிச்சம் பிடித்த பணம் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் போய்விடும். உன் அப்பத்தா கடைசிப் பத்து வருடம் இருமிய இருமலை உன் அப்பாவிடம் கேட்டுப் பார்.

ரேஷன் கடைக்குப் போக உனக்குக் கூச்சமாக இருக்கிறது என்று உன் அம்மா சொன்னாள். கூச்சப்பட அதில் ஒன்றும் இல்லை. 2011 ஜூன் முதல் நம் மாநிலத்தில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கொடுக்கிறார்கள். புழுங்கலரிசி வருகிற நாளை விசாரித்து வைத்துக்கொண்டு அன்றைக்கே போய் வாங்கு. அதை நான்கு ஐந்து முறை களைந்து, உங்கள் வீட்டு உளுந்தைச் சேர்த்து ஆட்டினால் இட்லி பூப்போல வரும். பச்சரிசியை ஊறவைத்து இடித்துச் சலித்து வைத்துக்கொண்டால் கொழுக்கட்டைக்கும் இடியாப்பத்துக்கும் கடை மாவு தேவைப்படாது. பாமாயிலைப் பலகாரம் பொரிக்க வைத்துக்கொள். தாளிக்கவும் இட்லிப் பொடிக்கும் செக்கு நல்லெண்ணெய் வேண்டும். எள்ளைக் கொண்டுபோய் ஆட்டினால் இரண்டரை கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய் கிடைப்பதோடு, புண்ணாக்கும் மாட்டுக்கு ஆகும்.

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேள். நம் பக்கத்துப் பெண்களுக்குச் சிறுவாடு என்று ஒன்று உண்டு. முட்டை விற்றது, ஆனி ஆடியில் வேப்பமுத்துப் பொறுக்கி விற்றது, புளியங்கொட்டைக் காசு, ஆட்டுக்குட்டி விற்றதில் ஒதுக்கியது எல்லாம் சேர்ந்து எங்காவது ஒரு பானைக்குள் இருக்கும். உன் அப்பத்தா அதை உளுந்துப் பானையின் அடியில் வைத்திருந்தார். 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, அதில் பதினான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் இருந்தன. மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் உன் தாத்தாவுக்கு முன்னால் அந்த நோட்டுகளை எடுத்து வைத்தபோது, ஏதோ திருடிப் பிடிபட்டவர் போலத் தலை குனிந்து நின்றார். அப்படிச் சேர்த்த பணத்தில்தான் என் முதல் பிரசவச் செலவு நடந்தது, உன் அப்பாவின் கல்லூரிக் கட்டணம் இரண்டு முறை கட்டப்பட்டது என்பதெல்லாம் அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரியும். வரிசையில் நின்று அந்த 7,000 ரூபாயையும் வங்கியில் கட்டினோம். அதற்குப் பிறகு அவர் சேர்க்கவே இல்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம் அது.

அதனால் நீ சிறுவாடு சேர்க்க வேண்டும், ஆனால் பானையில் வேண்டாம். உன் பெயரில் தனிக் கணக்கு இருக்கட்டும். 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை உன் மாமியார் கணக்கில் வருகிறது என்றால், அது அவருடைய பணம்; வீட்டுச் செலவுக்கு அதைக் கேட்காதே, கேட்க உன் வீட்டுக்காரரையும் விடாதே. மிளகாய் விலை விழுந்த வருடத்தில் அந்தக் காசுதான் மாத்திரை மருந்துக்கு நிற்கும்.

இன்னொன்று, சோற்றுத் தட்டு. எங்கள் காலத்துப் பெண்கள் சிக்கனத்தைத் தங்கள் வயிற்றிலிருந்துதான் தொடங்கினார்கள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியைச் சுரண்டிச் சாப்பிடுவதும், மீன் வாங்கிய நாளில் வெறுங்குழம்போடு எழுந்துவிடுவதும் வழக்கமாக இருந்தன. தேசியக் குடும்ப நல ஆய்வு 2019–21இல் கணக்கெடுத்தபோது தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. இலவச அரிசி இருக்கிற மாநிலத்தில் இப்படி என்றால் பாதிப் பெண்கள் எதை விட்டுக்கொடுத்துக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று யோசித்துப் பார். முருங்கை கொல்லையில் நிற்கிறது, கேழ்வரகும் குதிரைவாலியும் உள்ளூரில் கிடைக்கின்றன, கோழி முட்டையிடுகிறது. முட்டையை விற்பதற்கு முன் உன் தட்டுக்கு ஒன்றும் மாமியார் தட்டுக்கு ஒன்றும் எடுத்து வை. எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடு. புதிதாக வந்த பெண் இப்படிச் செய்கிறாளே என்று யாராவது பேசினால், அத்தை சொன்னாள் என்று சொல்.

மாசிக் கடைசியில் நான் அங்கே வருகிறேன். அதற்குள் வாய் அகலமான மண்பானை ஒன்று வாங்கி, கழுவி, வெயிலில் கவிழ்த்து வை. தட்டிப் பார்த்துக் கணீரென்று கேட்டால் மட்டும் வாங்கு. கல்லுப்பு மூன்று கிலோ, பழைய வெள்ளை வேட்டியில் கிழித்த துணி ஒன்று, சாணை பிடித்த அரிவாள்மனை இரண்டு. உன் மாமியாரிடம் புளிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்களா என்று இப்போதே கேட்டுவிடு. இல்லையென்றால் எனக்கு எழுது, எங்கள் ஊர் மரத்துப் புளியை நானே கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் அத்தை