வீட்ட பூட்டிட்டு கிளம்புறதுக்கு முன்னாடி

டேய் மாப்ள,

உன் லெட்டர் வந்துச்சு. பேரன் நடக்க ஆரம்பிச்சுட்டான்னு எழுதியிருந்தியே, அந்த இடத்த மட்டும் இவ ரெண்டு தடவ படிக்க சொல்லி கேட்டா. இங்க எல்லாரும் சௌக்கியம் தான், எனக்கு முட்டி வலி மட்டும் விட்டபாடில்ல, ஏணி ஏறக்கூடாதுன்னு டாக்டர் கறாரா சொல்லிட்டார். ஏணி ஏறாம ஏசி வேலைய எப்படிடா பாக்குறது? இப்பல்லாம் கீழ நின்னு பசங்கள விரட்டிட்டு இருக்கேன், அவனுங்களுக்கு தான் சோதனை.

சரி விஷயத்துக்கு வரேன். ஆறு மாசம் பையன்கிட்ட போய் இருக்க போறோம், நகை எல்லாம் லாக்கர்ல இருக்கு, வீட்டுக்குள்ள திருட ஒண்ணும் இல்லன்னு சர்வ சாதாரணமா எழுதியிருக்க பாரு, அங்க தான் எனக்கு இடிக்குது. வீட்டுக்குள்ள யாருடா வரப்போறா? பழைய இரும்பு கடைல எடைக்கு போடுறவனுக்கு உன் பீரோ எதுக்கு, அவனுக்கு வேண்டியது எல்லாம் வெளிய தானே மாட்டி வச்சிருக்க. ஏசி அவுட்டோர் யூனிட், மோட்டார், பித்தளை டேப், வாட்டர் மீட்டர், எர்த் கம்பி, இரும்பு கேட்டு, சம்ப் மூடி, எல்லாமே அவன் கண்ணுக்கு செம்பும் பித்தளையும் அலுமினியமும் தான்.

இந்த திருட்டுல என்ன எரிச்சல்னா, அவனுக்கு கிடைக்கிறது சொற்பம், நமக்கு விழுற அடி பெருசு. போன மாசம் ஒரு கஸ்டமர் ஊருக்கு போயிட்டு வந்து ஏசி ஓடலன்னு கூப்பிட்டார், போய் பாத்தா யூனிட்ட அப்படியே விட்டுட்டு காப்பர் பைப்ப மட்டும் செவுத்து ஓரமா ரெண்டு பக்கமும் கடிச்சு எடுத்துட்டு போயிருக்கான், பிளேயர்ல நசுக்கி வெட்டுனதால பைப்பு முனை வாய பாதி மூடுன மாதிரி சப்பையா கிடந்துச்சு, கீழ இன்சுலேஷன் ஸ்பாஞ்சு மட்டும் உரிச்சு போட்டிருந்துச்சு. போனது என்னமோ சில மீட்டர் பைப்பு தான். ஆனா ஏசிய குளிர வைக்கிற கேஸ் பூரா வெளிய போச்சு, திறந்து கிடந்த பைப்பு வழியா ஈரக்காத்து உள்ள போயிருச்சு, இப்ப வர்ற யூனிட்ல இருக்குற கம்ப்ரசர் ஆயில் ஈரத்த அப்படியே இழுத்துக்கும், அதனால பைப்ப மட்டும் மாத்தி கேஸ் அடிச்சா கொஞ்ச நாள்ல கம்ப்ரசரும் படுத்துரும்னு சொன்னா அந்த மனுஷன் முகத்துல ஈயாடல.

மத்தது இதவிட மோசம். பித்தளை டேப்ப உடைச்சான்னா தண்ணி கொட்டும், நீ மோட்டாருக்கு ஆட்டோ சுவிட்ச் வேற வச்சிருக்க, டேங்க் காலியாக காலியாக அது பாட்டுக்கு ஏத்திக்கிட்டே இருக்கும், செவுரு ஊறி நாசமாகும். எர்த் கம்பிய வெட்டுனா வெளிய ஒண்ணுமே தெரியாது, எல்லாம் ஓடும், என்னைக்காவது ஹீட்டர்லயோ வாஷிங் மெஷின்லயோ பாடிக்கு கரண்ட் வந்தா அன்னைக்கு தான் தெரியும். மூணு பேஸ் சப்ளைல கரண்ட் திரும்பி போற நியூட்ரல் கம்பிய வெட்டிட்டான்னா 230 வோல்ட்ல ஓட வேண்டிய சாமான்ல 400 வரைக்கும் கூட ஏறி மொத்தமா புகைஞ்சுரும். சமையல் கேஸ் லைன் பைப்புல கை வச்சா கேக்கவே வேணாம்.

செம்பு மேல ஏன் இவ்வளவு கண்ணுன்னு கேப்ப. எத்தன தடவ உருக்குனாலும் செம்பு செம்பு தான்டா, தரம் குறையாது, உருக்கிட்டா அது யார் வீட்டு பைப்புன்னு எவனாலயும் சொல்ல முடியாது. ஒயரா இருந்தா மேல இருக்குற பிளாஸ்டிக்க கொளுத்திட்டு கம்பிய எடுப்பானுங்க, அந்த கரும்புகை அவ்வளவும் விஷம், எரிச்ச கம்பிக்கு கடைல ரேட்டும் கம்மி தான், இருந்தாலும் உக்காந்து உரிக்க எவனுக்கு பொறுமை இருக்கு. அதனால தான் வாங்குற கடைய புடிக்கணும்னு நான் சொல்லிட்டே இருக்கேன், இங்கிலாந்துல 2013-ல இதுக்குன்னே சட்டம் போட்டு, பழைய உலோகம் வாங்குறவன் லைசென்ஸ் வச்சிருக்கணும், ரொக்கமா காசு குடுக்க கூடாது, விக்கிறவன் பேரு அட்ரஸ் சரிபாத்து எழுதி வைக்கணும்னு வச்சுட்டாங்க. வாங்க ஆள் இல்லன்னா இவன் எதுக்குடா வெட்டப் போறான்.

சட்டம் இருக்கட்டும், நீ உன் வீட்ட பாரு. ஒரு விஷயத்த மனசுல வச்சுக்கோ, அவனுக்கு வேண்டியது நேரம். சத்தம் இல்லாம சட்டுனு முடியுற வேலைனா தான் கை வைப்பான், இழுத்தடிக்கும்னு தெரிஞ்சா அடுத்த வீட்டுக்கு போயிருவான். அவுட்டோர் யூனிட்டுக்கு சாதா நட்டு தான் போட்டிருப்பாங்க, ஒரு ஸ்பேனர் போதும், அத மாத்திட்டு, முழுசா இறுக்குனதும் தலை மட்டும் உடைஞ்சு விழுந்துரும் பாரு அந்த போல்ட் போட்டுரலாம், ஸ்பேனர் புடிக்க இடமே இருக்காது, கழட்டணும்னா அறுக்க தான் வேணும். மேல இரும்பு கூண்டு போடு, ஆனா காத்து வர்ற பக்கமும் போற பக்கமும் நல்லா இடைவெளி விட சொல்லு, சில பேர் பெட்டி மாதிரி அடைச்சு வச்சு யூனிட்ட அவங்களே கொன்னுடுறாங்க. பைப்ப வெளிய தெரியாம கேசிங் போட்டு மூடிரு, கைக்கு எட்டுற இடத்துல பளபளன்னு செம்பு தெரிஞ்சா அது நீயே கூப்பிட்டு விருந்து வைக்கிறதுக்கு சமம்.

தோட்டத்து பக்கம் இருக்குற டேப் எல்லாம் பித்தளைய எடுத்துட்டு பிளாஸ்டிக் போட்டுரு, பாக்க சுமாரா இருக்கும் தான், இருந்துட்டு போகட்டும். கிளம்புற அன்னைக்கு தண்ணி மெயின் வால்வு, மோட்டார் ஸ்விட்ச், கேஸ் ரெகுலேட்டர் மூணையும் மூடிட்டு தான் பூட்டணும். அப்புறம் வாசல் கேட்டு, இத நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல, உன் கேட்டு கீல்ல சும்மா தான் உக்காந்திருக்கும், பூட்டு எவ்வளவு பெருசா இருந்தா என்ன, ரெண்டு பேர் சேந்து மேல தூக்குனா அப்படியே கையோட வந்துரும். மேல் கீல்ல ஒரு சின்ன வெல்டிங் வச்சுட்டா தூக்க முடியாது.

காம்பவுண்டுக்குள்ள கிடக்குற பழைய கம்பி, ஓட்டை அண்டா, கழட்டி போட்ட கிரில் எல்லாத்தையும் போறதுக்குள்ள வித்துரு. அத எடுக்க வர்றவன் தான் மத்தத நோட்டம் விடுறான். மோட்டார், யூனிட் எல்லாத்துலயும் சீரியல் நம்பர் தெரியுற மாதிரி போன்ல போட்டோ எடுத்து வை, போலீஸ்ல எழுதி குடுக்கும்போது பில்ல தேடிட்டு நிக்க வேணாம், முடிஞ்சா பாடில உன் பேர பொறிச்சு வை. இன்சூரன்ஸ் பேப்பரையும் ஒரு தடவ பாத்துரு, வீடு இத்தனை நாளுக்கு மேல ஆளில்லாம கிடந்தா கிளெய்ம் கிடையாதுன்னு நிறைய பாலிசில போட்டிருப்பான்.

ஆள் நடமாட்டம் பட்டா எரியுற லைட்டு ஒண்ணு பின்பக்கம் போடு. கேமராவ நான் பெருசா நம்ப மாட்டேன், தொப்பி போட்டவன் முதுக ஆறு மாசம் ரெக்கார்ட் பண்ணி என்ன ஆகப்போகுது, பக்கத்து வீட்டு பெரியம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லி வச்சா அது பத்து கேமராவுக்கு சமம். யாராவது யூனிபார்ம் மாதிரி போட்டு ஏசி சர்வீஸ்னு வந்து நின்னா உனக்கு போன் பண்ண சொல்லு, பகல்ல தைரியமா ஏணி போட்டு கழட்டிட்டு போறவனும் இருக்கான். ஏர்போர்ட்ல நின்னு எடுத்த போட்டோவ உடனே ஸ்டேட்டஸ்ல போடாத, உன் பொண்டாட்டிகிட்டயும் சொல்லிரு.

காரையும் விட்டுட்டு தானே போற? புகைக்குழாய்ல புகைய சுத்தம் பண்றதுக்கு இருக்குற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் சில கிராம் இருக்கும், அதுக்காகவே அடில படுத்து அறுத்துட்டு போறானுங்க, உன் வண்டி வேற உயரமானது, ஜாக்கி கூட வேணாம். ஷெட்ல போட்டு பூட்டிட்டு போ.

திரும்பி வரும்போது ஏதாவது வெட்டி கிடந்தா நீ பாட்டுக்கு கை வைக்காத, மெயின ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரீஷியன கூப்பிடு, எர்த் இருக்கான்னு பாத்துட்டு தான் மறுபடி போடணும். கிளம்புற தேதி எப்பன்னு எழுது, அதுக்கு முன்னாடி பசங்கள அனுப்பி போல்ட்டும் கேசிங்கும் போட்டு விடுறேன், அவனுங்க வந்தா காசு குடுக்கறேன்னு நிக்காத, எனக்கு கெட்ட கோவம் வரும்.

உன் மாப்ள

பி.கு: உன்கிட்ட இருக்குற என் டிரில் மிஷின பசங்ககிட்ட மறக்காம குடுத்து விடு.