தம்பிக்கு, மூடி திறந்த ஆம்ப் பற்றி

தம்பி,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ வாங்கிய ஸ்டாக்ஸ் ஹெட்போன் ஆம்ப், அந்த எஸ்ஆர்எம்-டி1 உள்ளே தூசிதான் அதிகம், மற்றபடி நல்ல நிலையில் இருக்கிறது. சால்டரிங் எல்லாம் கம்பெனியில் வைத்தபடியே இருப்பதைப் பார்த்தால் யாரும் கை வைத்த மாதிரி தெரியவில்லை. நகோயாவில் பழைய பொருள் கடையில் நல்ல விலைக்கு வாங்கினேன் என்று நீ சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஸ்டாக்ஸ் ஜப்பான் கம்பெனி, 1938-இல் தொடங்கியது, 1960-இலேயே எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள், அதனால் அங்கே பழையது கண்ணில் படுகிறது. இங்கே புதுச்சேரியில் இந்த ஹெட்போனை மாட்டும் ஐந்து பின் சாக்கெட்டைக் கேட்டால் கடைக்காரருக்கு அது என்னவென்றே தெரியாது.

எந்தக் கெபாசிட்டரை மாற்றினால் ஒலி நன்றாகும் என்று கேட்டிருக்கிறாய். சரி, நேராகச் சொல்கிறேன். பவர் சப்ளையில் இருக்கும் பழைய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களை மாற்று, அவை வயதாகி வறண்டிருக்கும், அது பராமரிப்பு வேலை. சிக்னல் போகும் பாதையில் விலை உயர்ந்த பிலிம் கெபாசிட்டர், வெள்ளி வயர், இதற்கெல்லாம் ஒரு யென் கூடச் செலவழிக்காதே. அந்தப் பெட்டியில் ஒலிக்காக மாற்ற வேண்டியது ஒன்றுதான், கண்ணாடிக் குழாய் வால்வுகளின் பிளேட் ரெசிஸ்டர், அதாவது வால்வில் சிக்னல் வெளியே வரும் பிளேட் என்ற முனைக்குக் கரண்ட் கொடுக்கும் ரெசிஸ்டர். ஏன் என்று புரியாமல் நீ அதைச் செய்யக்கூடாது, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

சாதாரண ஹெட்போனில் காயிலும் காந்தமும் இருக்கும், ஆம்ப் அதற்குக் கரண்ட் கொடுக்கும், சில வோல்ட் போதும். இதில் காயிலே கிடையாது. ஒன்றிரண்டு மைக்ரான் தடிமனில் ஒரு பிளாஸ்டிக் படலம், நம் தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன், அதன் இரண்டு பக்கமும் துளை போட்ட உலோகத் தகடு, அவ்வளவுதான். படலத்தில் 580 வோல்ட் எப்போதும் மாறாமல் நிற்கும், அதைத்தான் பயாஸ் என்பது. தகடுகளுக்கு ஆம்ப் எதிரெதிர் திசையில் சிக்னல் கொடுக்கும், ஒரு தகடு இழுக்க மற்றது தள்ள, படலம் முழுப் பரப்பும் ஒன்றாக அசையும். வீணையில் விரல் தந்தியை விட்டு எழும் அந்தச் சின்னக் கணம்கூட உனக்குத் தெளிவாகக் கேட்கிறது என்றால் காரணம் அதுதான், அசைய வேண்டிய எடை அங்கே ஏறக்குறைய இல்லை.

ஆனால் ஆம்ப்பின் பக்கம் நின்று பார்த்தால் இந்த ஹெட்போன் ஒரு சின்னக் கெபாசிட்டர், சுமார் 110 பிகோபாரட். 10 கிலோஹெர்ட்ஸில் அது 145 கிலோ ஓம், 20 கிலோஹெர்ட்ஸில் அதில் பாதி. கேட்கும்போது லேசான சுமை மாதிரிதான் தோன்றும். ஆனால் நாம் கொடுப்பது சில வோல்ட் அல்லவே, நூற்றுக்கணக்கான வோல்ட். 300 வோல்ட் ஆர்எம்எஸ் கொடுத்தால் 20 கிலோஹெர்ட்ஸில் 4 மில்லி ஆம்பியருக்கு மேல் வேண்டும், உச்சத்தில் கிட்டத்தட்ட 6. இத்தனைக்கும் கேபிளின் கெபாசிட்டன்ஸை நான் இன்னும் சேர்க்கவில்லை. வால்வில் சும்மா ஓடிக்கொண்டிருக்கும் கரண்டே சில மில்லி ஆம்பியர்தான். அதிலும் ரெசிஸ்டர் என்ன செய்கிறது என்றால், பிளேட்டின் வோல்டேஜ் ஏறி இறங்கும்போதெல்லாம் தன் வழியாக ஓடும் கரண்டையும் ஏற்றி இறக்குகிறது, வால்வு படுகிற பாட்டில் ஒரு பெரும் பங்கு ரெசிஸ்டரைச் சூடாக்கவே போகிறது. ஹெட்போனுக்கு மிச்சம்தான். சத்தமாக வைத்தால் கஞ்சிராவும் தாளமும் மழுங்குவது இதனால்தான்.

ரெசிஸ்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கான்ஸ்டன்ட் கரண்ட் சோர்ஸ் வைத்தால், வோல்டேஜ் எங்கே போனாலும் அதன் கரண்ட் மாறாது, மாறுகிற கரண்ட் அத்தனையும் ஹெட்போனுக்குப் போகும். அதே வால்வு, அதே டிரான்ஸ்பார்மர். பலர் செய்து பார்த்து நிலைத்துவிட்ட மாற்றம் இது. இந்த வேலையைச் செய்யும் 10எம்90எஸ் என்ற சின்னச் சிப்பை வாங்கு, 900 வோல்ட் தாங்கும். 10எம்45எஸ் விலை குறைவு என்று அதன் பக்கம் போகாதே, அது 450 வோல்ட்தான், பிளேட் கீழே இறங்கும்போது அதன் குறுக்கே நிற்பது அதைவிட அதிகமாகிவிடும். 5 மில்லி ஆம்பியர், 320 வோல்ட் என்று வைத்துக்கொண்டாலே ஒவ்வொன்றிலும் 1.6 வாட் சூடு, ஹீட்சிங்க் கட்டாயம், அதன் உலோக முதுகில் வோல்டேஜ் இருக்கும் என்பதால் இடையில் இன்சுலேட்டரும் கட்டாயம். போட்டு முடித்ததும் ஒரு டெஸ்டரை வைத்து ஹீட்சிங்குக்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்று பார்த்த பிறகுதான் மேலே போக வேண்டும்.

இப்போது எனக்கு முக்கியமான விஷயம். இதைப் படிக்கும்போது கையில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதே.

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் பெட்டி செத்துவிடாது. என் ஆம்பில் இருப்பது 470 மைக்ரோபாரட், 400 வோல்ட், அதில் 37 ஜூலுக்கு மேல் தேங்கி நிற்கும், நெஞ்சின் குறுக்கே பாய்ந்தால் ஆளை எடுத்துவிடும். அதை வடித்துவிட 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, பிளீடர் என்பார்கள், போட்டிருக்கிறேன், அப்படியும் 50 வோல்ட்டுக்குக் கீழே வர மூன்றரை நிமிடம் ஆகும். பிளீடர் ரெசிஸ்டர் வாங்கும்போது வாட் மட்டும் பார்க்காதே, வோல்டேஜ் ரேட்டிங்கையும் பார், சாதாரண கால் வாட் மெட்டல் பிலிம் 250 வோல்ட்தான் தாங்கும், இங்கே எழும் முக்கால் வாட் சூட்டையும் தாங்காது, அதனால் ஒரு வாட் ரெசிஸ்டராக இரண்டைத் தொடராகப் போட வேண்டியிருக்கும். பிளீடர் இருக்கிறது என்ற நம்பிக்கையிலும் தொடாதே, அதுவும் ஒருநாள் அறுந்து போகும். மீட்டரை வைத்து அளந்து, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகு தொடு. மீட்டர் 1000 வோல்ட் போடக்கூடியதாக இருக்கட்டும், வயர்களில் வெடிப்பு இருந்தால் தூக்கிப் போடு. அளக்கும்போது கருப்பு வயரைக் கிளிப்பால் கிரவுண்டில் மாட்டிவிட்டு ஒரே கையால் அள, இன்னொரு கை பேன்ட் பாக்கெட்டில். லேபில் பிள்ளைகளுக்கு நான் எத்தனையோ வருடம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன், உனக்கும் அதே.

வீட்டு போர்டில் லீக்கேஜ் பிரேக்கர் இருக்கிறது, அது காப்பாற்றும் என்று எழுதியிருந்தாய். காப்பாற்றாது. டிரான்ஸ்பார்மரின் செகண்டரி பக்கம் நீ தொட்டால் லைனிலிருந்து தரைக்குக் கசிவு எதுவும் போவதில்லை, பிரேக்கருக்கு அது தெரியவே தெரியாது. தூக்கம் வரும் நேரத்தில் மூடியைத் திறக்காதே, வீட்டில் நீ மட்டும் இருக்கும்போதும் வேண்டாம், பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.

கெபாசிட்டர் மாற்றி முதல் தடவை ஆன் பண்ணும்போது சீரீஸ் பல்ப், அதாவது மெயின் லைனில் தொடராக மாட்டிய பல்ப் வழியாகக் கொடு. பழைய இழை பல்ப்தான் வேண்டும், எல்இடி உதவாது, அங்கே 100 வோல்ட் பல்பாகப் பார்த்து வாங்கு. பல்ப் ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது, பளிச்சென்று நின்றுவிட்டால் உள்ளே எங்கோ ஷார்ட். ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு ஆன் பண்ணவே கூடாது. அரை மணி நேரம் சூடாகட்டும், அப்புறம் ஒவ்வொரு சேனலிலும் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே, பிறகு கிரவுண்டுக்கும், ஆப்செட்டை, அதாவது சிக்னல் இல்லாதபோதும் நிற்கும் வோல்டேஜை அளந்து, டிரிம்மர் என்ற சின்னத் திருகு ரெசிஸ்டரால் சில வோல்ட்டுக்குள் கொண்டு வா. அது பெரிதாக இருந்தால் படலம் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக இழுபடும்.

பயாஸை அளந்தால் 390 வோல்ட் சுமார்தான் காட்டும், பதறிவிடாதே. அந்தப் பாதையில் கிட்டத்தட்ட 5 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது, உன் மீட்டர் 10 மெகா ஓம், இரண்டும் சேர்ந்து பிரித்துக்கொள்வதால் மூன்றில் இரண்டு பங்குதான் தெரியும். சப்ளை சரியாகத்தான் இருக்கிறது. ஆறு பின் சாக்கெட் பழைய நார்மல் வகை, அதில் 230 வோல்ட், அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பொங்கலுக்கு வரும்போது உனக்கென்று கேஜிஎஸ்எஸ்எச்வி என்ற ஹெட்போன் ஆம்ப் ஒன்றைக் கட்டத் தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய். நிச்சயம் தொடங்கலாம். கெவின் கில்மோர் போட்ட அந்தச் சர்க்யூட்டில் வால்வே இல்லை, வால்வு ஆசை இருந்தால் அவருடைய ப்ளூ ஹவாய் ஆம்பில் இஎல்34 வால்வு இருக்கிறது, ஆனால் நம் ஊர் வெயிலில் அதன் சூட்டை அறையில் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்க முடியாது, அதனால் என் ஓட்டு டிரான்சிஸ்டருக்குத்தான். டிரான்ஸ்பார்மரை நெல்லித்தோப்பில் வைண்டிங் கடையிலேயே சுற்றிக்கொள்ளலாம். எனக்குச் சுற்றிக்கொடுத்தவர் பம்புசெட் மோட்டார் சுற்றுகிறவர், பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே செப்புத் தகடு ஷீல்ட் ஒன்று வேண்டும் என்றதும், தகட்டின் இரு முனையும் தொட்டுவிட்டால் அதுவே ஒரு சுற்று ஷார்ட் ஆகிவிடுமே அம்மா என்று அவரே கேட்டார். அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். முனைகளுக்கு நடுவே பேப்பர் வைத்து அவ்வளவு நேர்த்தியாகச் செய்து கொடுத்தார், இன்றுவரை ஹம் இல்லை.

இங்கே உள்ள இன்னொரு பாடு கடல் காற்று. ஐப்பசி கார்த்திகையில் போர்டின் மேல் ஈரமும் உப்பும் படியும், சால்டரிங் பிளக்ஸ் பசை மிச்சம் இருந்தால் அதோடு சேர்ந்து பயாஸ் கசியும், ஒரு காது மற்றதைவிடச் சத்தம் குறைந்து கேட்கும். அதனால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் போர்டை நன்றாகக் கழுவி, காய வைத்து, மேலே வார்னிஷ் அடிக்கிறேன். ஹெட்போனைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறேன். நீ அந்தப் பெட்டியை இங்கே கொண்டு வருவதாக இருந்தால் முதலில் டிரான்ஸ்பார்மரில் 230 வோல்ட் லைனுக்கு வயர் இருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பு, 100 மட்டும் என்றால் 230-ஐ 100 ஆக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கி வைக்கிறேன். நேரடியாக நம் பிளக்கில் குத்திவிட வேண்டாம்.

அப்பா உன் உடம்பைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அவருக்கு ஒரு போன் போடு. வரும்போது 6சிஜி7 வால்வு ஒரு ஜோடி, தோஷிபாவோ என்இசியோ, அந்தக் கடையிலேயே கிடைத்தால் வாங்கி வா. ஒவ்வொரு வால்வுக்குள்ளும் இரண்டு பாதி இருக்கும், இரண்டும் ஒரே அளவு இருக்க வேண்டும், டெஸ்ட் பண்ணித் தருவார்களா என்று கேள்.

அம்மா
முத்தியால்பேட்டை