செயலாளரின் ஆண்டறிக்கை: டோனி புரூக்ஸ் ஆண்டு

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, நமது மோட்டார் வரலாற்று மன்றத்தின் மாதக் கூட்டங்கள் இவ்வாண்டு ஒரே ஓட்டுநரைப் பற்றி நடந்தன. அவர் இங்கிலாந்தின் டோனி புரூக்ஸ். பல் மருத்துவம் படித்துக்கொண்டே பந்தயத்துக்கு வந்தவர். 6 உலக சாம்பியன்ஷிப் பந்தயங்களில் வென்றவர். அந்த ஆறில் ஒன்று சக ஓட்டுநர் ஸ்டிர்லிங் மாஸுடன் பகிர்ந்துகொண்ட வெற்றி. ஒரே ஆளை வைத்து வருடத்தை ஓட்டிவிட முடியுமா என்று தொடக்கத்தில் முணுமுணுப்பு இருந்தது. இரண்டாவது கூட்டத்துக்குப் பிறகு அது எழவில்லை.

அவர் 1932 பிப்ரவரி 25 அன்று செஷயரின் டக்கின்ஃபீல்டில் பிறந்தார். மான்செஸ்டரில் படித்தார். 1952இல் குட்வுட்டில், குடும்பத்துக்குச் சொந்தமான ஹீலி சில்வர்ஸ்டோன் காரில் முதல் பந்தயம். 1961 இறுதியில் ஓய்வு. பிறகு வேபிரிட்ஜில் கார் வியாபாரம். 2022 மே 3 அன்று மறைந்தார். இவ்வளவையும் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, மிச்சக் கூட்டங்களையெல்லாம் கார்களுக்கே கொடுத்தோம்.

1955 அக்டோபர் 23, சிசிலியின் சிரக்யூஸ். புரூக்ஸ் அதற்குமுன் ஃபார்முலா ஒன் காரில் உட்கார்ந்ததே இல்லை. விமானத்தில் போகும்போது மடியில் இறுதித் தேர்வுப் புத்தகம். கார்கள் வந்து சேரத் தாமதமானதால், வாடகை வெஸ்பா ஸ்கூட்டரில் சுற்றி வந்து வளைவுகளை மனப்பாடம் செய்தார். பந்தயத்தில் மசெராட்டியின் லூயிஜி முஸ்ஸோவை ஏறக்குறைய 50 வினாடி முந்தினார். பிரிட்டிஷ் காரில் பிரிட்டிஷ் ஓட்டுநர் ஒருவர் கிராண்ட் பிரி வென்றது, 1924இல் சான் செபாஸ்டியனில் ஹென்றி சீக்ரேவ் வென்ற பிறகு அதுவே முதல்முறை.

அன்று அவர் ஓட்டிய பிரிட்டிஷ் கார் கனாட் பி வகை. அதில் 2.5 லிட்டர் ஆல்டா எஞ்சின், டன்லப் டிஸ்க் பிரேக், நான்கு கியர் ப்ரீசெலக்டர் பெட்டி. மூன்றாவதைப் புரிந்துகொள்ள உறுப்பினர்கள் ப்ளைவுட்டில் ஒரு மாதிரி செய்தார்கள். அதன் இயக்கம் இதுதான்: ஒவ்வொரு கியருக்கும் ஒரு பல்சக்கரத் தொகுதி, அதன் வெளி டிரம்மைச் சுற்றி ஒரு பட்டை. பட்டை இறுகி டிரம் நின்றால் அந்த கியர் விழும். டாப் கியரில் பட்டை கிடையாது. கிளட்ச் முழுத் தொகுதியையும் ஒன்றாகப் பூட்டிவிடும். கையால் லீவரை நகர்த்துவது தேர்வு மட்டும்தான். காலால் பெடலை அடிவரை மிதித்து விடும்போதுதான் கியர் மாறும். ஆகவே வளைவுக்கு வெகு முன்பே அடுத்த கியரைத் தேர்ந்து வைத்துவிட்டு, இரு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி பிரேக் பிடிக்கலாம்.

மாதிரியில் முதலில் பட்டைக்குச் சைக்கிள் டியூப் போட்டார்கள். இழுபட்டு நீண்டதே தவிர டிரம்மை நிறுத்தவில்லை. கேன்வாஸ் பட்டைக்கு மாற்றியும் வழுக்கியது. காரணம் திசை: டிரம் சுழலும்போது இழுபட வேண்டியது பட்டையின் பொருத்திய முனை. இயக்கும் முனை இழுபட்டால், அதே பிடிக்குப் பலமடங்கு விசை கேட்கும். திருப்பிப் பொருத்தியதும் ஒரு விரலால் நின்றது. அசல் பெட்டியில் வரும் கோளாறு வேறு. பெடலை அரைகுறையாக மிதித்தால் எந்த கியரும் விழாது; பெடல் ஸ்பிரிங் வேகத்தில் வழக்கமான உயரத்தைத் தாண்டி எகிறி, காலைப் பதம் பார்க்கும். மறுபடி முழு பலத்தோடு அடிவரை மிதித்தால்தான் வழிக்கு வரும். எடையும் எண்ணெய் இழுவையும் கூடுதல் நஷ்டம்.

எரிபொருள் பற்றிய கூட்டம் சற்று வறட்சிதான். 1958 முதல் ஆல்கஹால் கலவைக்குத் தடை வந்து விமானப் பெட்ரோல் கட்டாயமானது. மெத்தனால் ஆவியாகும்போது எஞ்சினுக்குள் வெப்பத்தை உறிஞ்சும். பெட்ரோலில் அவ்வளவு குளிர்ச்சி இல்லை. பிஸ்டனும் வால்வும் கூடுதலாகச் சுடும். புரூக்ஸ் அப்போது ஓட்டிய பிரிட்டிஷ் காரான வான்வாலின் 4 சிலிண்டர் எஞ்சினின் சக்தி குறைந்தது. அப்படியும் அந்த ஆண்டு புரூக்ஸ் ஸ்பா, நூர்பர்க்ரிங், மோன்சா மூன்றையும் வென்றார். கார் தயாரிப்பாளர்களுக்கான முதல் உலகப் பட்டம் வான்வாலுக்கு. ஸ்பாவில் கடைசி வளைவைத் தாண்டி வரும்போது புரூக்ஸின் கியர்பெட்டி இறுகிக்கொண்டிருந்தது. இரண்டாவதாக வந்த ஹாத்தார்னின் எஞ்சின் கோட்டருகே வெடித்தது. மூன்றாவதான லூயிஸ்-எவன்ஸின் சஸ்பென்ஷன் உடைந்திருந்தது. இன்னொரு சுற்று இருந்திருந்தால் நான்காவதாக வந்த லோட்டஸ் வென்றிருக்கும்.

இவ்வாண்டின் பெரிய வாக்குவாதம் 1959 டிசம்பர் 12, செப்ரிங்: உலகப் பட்டத்தைத் தீர்மானித்த அந்தக் கடைசிப் பந்தயத்தில் புரூக்ஸ் நடுவே காரை நிறுத்தியது சரியா என்பது. அதற்கு முன்னால் நடந்த இரண்டு விபத்துகளைச் சொல்லாமல் அது புரியாது. 1956 சில்வர்ஸ்டோனில் பி.ஆர்.எம். காரின் த்ராட்டில் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திறப்பு) கோளாறைப் பழுதுபார்க்கும் இடமான பிட்டில் சரிசெய்து வெளியே அனுப்பினார்கள். ஆபி வளைவில் த்ராட்டில் திறந்தபடியே நின்றுவிட்டது. கார் கவிழ்ந்து எரிந்தது. தூக்கியெறியப்பட்ட புரூக்ஸுக்குத் தாடை உடைந்தது. 1957 லெ மானில் ஆஸ்டன் மார்ட்டினின் கியர் சிக்கிக்கொள்ள, அதை விடுவிக்க முயன்ற கவனச்சிதறலில் டெர்ட்ர் ரூஜ் வளைவில் கவிழ்ந்தார். அந்தக் காயத்தோடுதான் அடுத்த மாதம் ஏய்ன்ட்ரீயில் தொடங்கி, பாதியில் காரை மாஸிடம் கொடுத்தார்; முதலில் சொன்ன பகிர்ந்த வெற்றி அதுதான். பழுதுள்ள காரைத் தெரிந்தே ஓட்டுவதில்லை என்று அப்போது உறுதி எடுத்தார்.

செப்ரிங்கில் புரூக்ஸ் ஃபெராரி அணியில் இருந்தார். முதல் சுற்றிலேயே அதே அணியின் வான் டிரிப்ஸ் பின்னாலிருந்து மோதினார். புரூக்ஸ் உடனே பிட்டுக்கு வந்து காரைப் பார்க்கச் சொன்னார். பழுது இல்லை, ஆனால் 2 நிமிடத்துக்கு மேல் போயிற்று. மூன்றாவதாக முடித்தார். பட்டத்துக்குப் போட்டியிட்ட மூவரின் புள்ளிக் கணக்கைக் கரும்பலகையில் போட்டோம்: பந்தயத்துக்கு முன் பிராபம் 31, மாஸ் 25.5, புரூக்ஸ் 23. வெற்றிக்கு 8, வேகமான சுற்றுக்கு 1. புரூக்ஸ் இரண்டையும் எடுத்தால் 32. வெற்றி மட்டும் என்றால் 31, சமன். சிறந்த 5 முடிவுகளே கணக்கில் சேரும் என்பதால், பெட்ரோல் தீர்ந்து காரைத் தள்ளிக்கொண்டு நான்காவதாக வந்த பிராபமுக்கு அந்த 3 புள்ளி உதவவே இல்லை. ஆக, பட்டம் புரூக்ஸின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. முடிவில் அவருக்கு 27.

நிறுத்தியது தவறு என்பவர்கள், மோதிய பிறகும் கார் நேராக ஓடியதைக் காட்டினார்கள். பின்புறம் இடிபட்ட காரில் சக்கர அச்சு வளைந்ததா என்பதை ஓட்டுநர் இருக்கையில் இருந்து சொல்ல முடியாது என்றார்கள் மற்றவர்கள். கை தூக்கச் சொன்னபோது பெரும்பாலோர் புரூக்ஸ் பக்கம். செயலாளரின் கையும் அதில் உண்டு. பட்டத்துக்காக விதியை மாற்றுபவருக்கு அது விதியே இல்லை என்பது என் கட்சி. எதிர்த்தரப்பு இன்னும் சமாதானமாகவில்லை. அடுத்த ஆண்டும் கிளப்புவார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். ப்ளைவுட் மாதிரி நூலக அலமாரியின் மேல் இருக்கிறது. இயக்கிப் பார்ப்பவர்கள் கேன்வாஸ் பட்டையில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளவும். அடுத்த ஆண்டுக்கு வான்வால் எஞ்சினின் ஹேர்பின் (கொண்டை ஊசி வடிவ) வால்வு ஸ்பிரிங்குகளை எடுத்துக்கொள்ளலாம் எனச் செயற்குழு பரிந்துரைக்கிறது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருவதற்குள் பொருளாளரைப் பார்த்துவிடுங்கள். பாக்கிதாரர்களுக்கு வாக்கு இல்லை.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்