செயற்கைக்கோள் இருக்கும்போது கப்பல் எதற்கு?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் எம்ஜேஓ (மேடன்-ஜூலியன் அலைவு) பற்றிய கட்டுரை படித்தேன். நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்காக நகரும் பெரிய மழைமேகக் கூட்டம்தான் அது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தொலைக்காட்சியில் இந்தப் பெயர் அடிபடாத நாளில்லை. அது என்னவென்று புரியும்படி எழுதியதற்கு நன்றி. ஆனால், 'செயற்கைக்கோள் இருக்கும்போது கப்பல் எதற்கு' என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்திருந்தது. வானிலை நிலையத்தில், மேல்காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கும் கருவியைக் கட்டிப் பலூன் விடும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அதை அப்படியே விட மனமில்லை.

செயற்கைக்கோளுக்கு மேகத்தின் தலை நன்றாகத் தெரியும். மேகத்துக்குக் கீழே, கடலை ஒட்டிய காற்றில் ஈரம் எப்படி அடுக்கடுக்காக ஏறுகிறது என்பது அதற்குச் சரியாகப் பிடிபடாது. எம்ஜேஓ உருவாகும்போது இது எப்படி நடக்கிறது என்று பார்க்கத்தான் 2011 அக்டோபரில் இந்தியப் பெருங்கடலில் டைனமோ என்ற பன்னாட்டு ஆய்வு தொடங்கியது. அமெரிக்காவின் ரோஜர் ரெவல் கப்பல் நிலநடுக்கோட்டில், 80.5 பாகை கிழக்கில் நின்றது. சென்னையிலிருந்து நேர் தெற்கே கோடு போட்டால் கிட்டத்தட்ட அங்கேதான் போய்ச் சேரும். ஜப்பானின் மிராய் அதற்கும் தெற்கே, 8 பாகையில் நின்றது.

எங்கள் நிலையத்தில் ஒரு நாளைக்கு இரண்டு பலூன்கள்தான். காலை ஐந்தரைக்கு ஒன்று, மாலை ஐந்தரைக்கு ஒன்று. அந்தக் கப்பல்களில் மூன்று மணி நேரத்துக்கு ஒன்று, ஆக எட்டு! மழையானாலும் நடுராத்திரியானாலும் முறை வைத்து விட்டாக வேண்டும். பலூன் 30 கிலோமீட்டர் வரை ஏறி வெடிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும். அது முடிந்து ஆள் ஒரு டீ குடிப்பதற்குள் அடுத்ததற்கு வாயு நிரப்பும் நேரம் வந்துவிடும். எங்களுக்காவது திறந்த மைதானம். கப்பலில் புகைபோக்கி, கிரேன், கம்பம் எல்லாவற்றிலும் மோதிச் சுழலும் காற்று பலூனைக் கீழே அமுக்கும். கருவி எதிலாவது மாட்டினால் போச்சு.

அப்புறம், துடைக்கிற வேலை. வெயிலை அளக்கும் கருவியின் கண்ணாடியில் உப்புப் படிந்தால் கணக்கே தப்பாகிவிடும். இரும்புக் கப்பல் தானும் சூடாவதால், முகப்பைக் காற்றுக்கு நேரே திருப்பி வைத்து, முன்முனைக் கம்பத்தில்தான் காற்றின் வெப்பத்தை அளப்பார்கள். கடல் வெப்பத்துக்கு 'கடல் பாம்பு' என்ற மிதக்கும் குழாயைப் பக்கவாட்டில் விடுவார்கள். காற்றில்லாத பிற்பகலில் மேல்தண்ணீர் மட்டும் ஓரிரு பாகை கூடுதலாகச் சுட்டுவிடும். சில மீட்டர் ஆழத்தில் அளந்தால் அது அகப்படாது. மேகத்துக்குத் தீனி போடுவதோ அந்த மேல்தண்ணீர்தான்.

நம்மவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். 1999 ஜூலை, ஆகஸ்டில் வங்கக்கடலில் நடந்த பாப்மெக்ஸ் என்ற பருவமழை ஆய்வுக்கு சாகர் கன்யா, சாகர்த்வனி என்ற இரண்டு கப்பல்கள் போயின. அதில் வேலை பார்த்தவர்களைத் தேடிப்பிடித்து ஒரு பேட்டி போடுங்களேன். விஞ்ஞானிகளோடு நிறுத்திவிடாமல், பலூனுக்கு வாயு நிரப்பியவர்களிடமும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தாம்பரம்