செப்டம்பர் 14க்குள் கிளம்பு

அன்புள்ள வசு,

இத்தனை நாள் பதில் போடாததற்கு என்ன வசவு வேண்டுமானாலும் வை, வாங்கிக்கொள்கிறேன். இங்கே ஜெர்மனியில் எல்லாரும் சுகம். சரோஜாக்கா கல்யாணப் பத்திரிகை வந்தது. கடைசியில் அந்த ஸ்கூட்டர்காரரேதானா! அதைப் பற்றித் தனியாக ஒரு மணி நேரம் பேச வேண்டும். இப்போது உன் மியூனிக் வேலை.

வருஷத்துக்கு 60,000 யூரோ என்றதும் உன்னவர் ரகு அதை ரூபாயால் பெருக்கிக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாராமே? அந்தக் கணக்கை முதலில் அழிக்கச் சொல். மாதம் 5,000 யூரோவில் ஓய்வூதியத்துக்கு 9.3%, வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1.3%, மருத்துவக் காப்பீட்டுக்கு எட்டரை சதவீதத்துக்கு மேல், முதுமைப் பராமரிப்புக்கு 1.8% என்று ஏறக்குறைய 1,050 யூரோ வரிக்கு முன்னாலேயே போய்விடும். குழந்தை இல்லாதவர்களுக்கு இன்னொரு 0.6% உண்டு. அதனால் குட்டியின் பிறப்புச் சான்றிதழை முதல் நாளே எச்.ஆரிடம் கொடு. ரகு சென்னையில் இருக்கும்வரை உனக்கு ஒன்றாம் வரி வகுப்புதான், தனியாளுக்குப் பிடிப்பதுபோல் பிடிப்பார்கள். எல்லாம் போகக் கையில் 3,150 யூரோ போல வரும். அவர் வந்து பதிவு செய்த பிறகு உனக்கு மூன்று, அவருக்கு ஐந்து என்று வகுப்பை மாற்ற விண்ணப்பித்தால் 3,500ஐத் தாண்டும். ஆனால் அந்த ஜோடியை எடுத்தவர்கள் கட்டாயம் வரிக்கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும், மறுவருஷம் ஜூலை 31க்குள்.

"சென்னையில் இவ்வளவு வரி இல்லையே" என்று உன் அண்ணன் சொல்வார். இரண்டு நாட்டு வரி விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே கிடையாது. அந்த மருத்துவக் காப்பீட்டுக்குள்ளேயே சம்பாதிக்காத கணவரும் குழந்தையும் கூடுதல் பணமில்லாமல் அடக்கம். தனியார் காப்பீடு மலிவு என்று யாராவது ஆசை காட்டினால் மயங்காதே. அங்கே தலைக்குத் தலை கட்ட வேண்டும், அரசு முறைக்குத் திரும்புவதும் பெரும்பாடு.

சரி, தேதி. கொலு வைத்து, ஆயுத பூஜை முடித்து, அக்டோபரில் கிளம்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் வசு. வேலைக்காக வெளிநாடு போகிறவர் அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால்தான் என்ஆர்ஐ, அதாவது வரிக்கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவர். ஏப்ரல் 1லிருந்து எண்ணிப் பார், செப்டம்பர் 28ஆம் தேதியோடு 181 நாள் ஆகிவிடும். கிளம்பும் நாளையும் சேர்த்தே எண்ணு, அதில் வாதாடிக்கொண்டு நிற்காதே. அக்டோபரில் ஏறினால் மார்ச் வரை நீ வாங்கும் ஜெர்மன் சம்பளமும் இந்தியக் கணக்கில் ஏறும். இரட்டை வரி ஒப்பந்தம் இருப்பதால் இங்கே கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ளலாம், பணமாகப் பெரிய நஷ்டம் இருக்காது. தொல்லைதான் பெரிது. இந்திய வருஷம் மார்ச்சில் முடிகிறது, ஜெர்மன் வருஷம் டிசம்பரில். ஒரே சம்பளத்தின் வரியை இரண்டாகப் பிளந்து, அதற்கென்று தனிப் படிவம் போட்டு, உன் மியூனிக் வங்கிக் கணக்கையும் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும். கணக்கில் இருப்பது 20 லட்சம் ரூபாயைத் தாண்டி, அதைக் காட்டாமல் விட்டுவிட்டால் அபராதம் லட்சக்கணக்கில் போகும்.

இதோடு முடியவில்லை. டிசம்பரில் வந்து ரகுவையும் குட்டியையும் கூட்டிப் போகிறேன் என்கிறாயே, அந்த நாட்களும் இதே கணக்கில்தான் விழும். செப்டம்பர் 20இல் கிளம்பினால் 173 நாள். டிசம்பரில் 14 நாள் தங்கினால் 187. கொலுவைத் தியாகம் செய்தும் பிரயோசனமில்லை! 14 நாள் வர வேண்டும் என்றால் செப்டம்பர் 14க்குள் கிளம்பு. அப்போது 167ம் 14ம் சேர்ந்து 181. ஒரு நாள்கூட மிச்சமில்லை, அதனால் இன்னும் நாலு நாள் முன்னால் போனால் நிம்மதி. விமானம் தாமதமாகி நள்ளிரவைத் தாண்டினாலும் தேதி தேதிதான். கொலுவை இந்த வருஷம் உன் மாமியார் வைக்கட்டும், ஒன்பது படியையும் அவரே ஆளட்டும். அவருக்கும் அதுதானே ஆசை!

லீவும் யோசித்துக்கொள். சட்டப்படி முழு வருஷ லீவு உரிமை ஆறு மாத வேலைக்குப் பிறகுதான். அதுவரை முடிந்த ஒவ்வொரு முழு மாதத்துக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு. உன் ஒப்பந்தத்தில் 30 நாள் என்றால் மாதத்துக்கு இரண்டரை. செப்டம்பர் நடுவில் சேர்ந்தால் டிசம்பரில் கையில் ஏழெட்டு நாள் இருக்கும், 25ம் 26ம் அரசு விடுமுறை. சனி ஞாயிறோடு கோத்தால் ஏறக்குறைய 14 நாள் தேறும். லீவு போதவில்லை என்று சென்னையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறக்காதே. அந்த நாட்களுக்கு எந்த நாட்டு வரி, எந்த நாட்டுக் காப்பீடு என்ற கேள்வி முளைக்கும். கம்பெனியிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் செய்யவே கூடாது.

திரும்பும் தேதியும் முக்கியம். டிசம்பர் 31க்குள் ரகு மியூனிக்கில் குடியேறிவிட்டால் அந்த வருஷம் முழுவதற்கும் கணவன் மனைவியாகச் சேர்ந்து வரிக்கணக்குப் போடலாம். ஜனவரி 2 என்றால் அந்த வருஷம் போச்சு. ஆனால் இதில் ஒரு கொக்கி உண்டு. ஜனவரியிலிருந்து நீங்கள் சென்னையில் வாங்கிய சம்பளத்துக்கு ஜெர்மனி வரி போடாது, ஆனால் விகிதத்தை நிர்ணயிக்க அதைக் கூட்டிக்கொள்ளும். முதல் வருஷம் பெரிய ரீஃபண்ட் வரும் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். மூன்று மாதச் சம்பளத்தை முழு வருஷச் சம்பளம் போல நினைத்துப் பிடித்திருப்பார்கள் அல்லவா, அது திரும்ப வரும். இந்தியச் சம்பளத்தைக் காட்டியதும் அந்த ரீஃபண்ட் இளைத்துவிடும். சேர்த்துப் போட்டால் ரகுவின் சம்பளமும் அதில் ஏறும், எனவே தனித்தனியாகவும் சேர்த்தும் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் கம்பெனி தரும் வருடாந்திர வரிச் சான்று ஏப்ரலில் தொடங்குவதால் இதற்கு முழுசாக உதவாது. ஜனவரி முதல் மாதாமாதச் சம்பள ரசீதுகளை இப்போதே இறக்கி வை. வேலையை விட்ட பிறகு கம்பெனி லாகின் மூடிவிடும்.

வங்கி விஷயம். கிளம்பியதும் இப்போதிருக்கும் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்காக, மாற்று. அதன் வட்டியில் 31.2% பிடிப்பார்கள். இங்கே வரி அலுவலகத்தில் வசிப்பிடச் சான்றிதழ் வாங்கி வங்கியில் கொடுத்தால் ஒப்பந்தப்படி 10% ஆகும். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை இந்தியாவில் போட்டுவைக்கும் என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு வரியே இல்லை என்று மார் தட்டுபவர்கள் இந்தியச் சட்டத்தை மட்டும் படித்தவர்கள். ஜெர்மனியில் வசிப்பவருக்கு உலகில் எங்கே வட்டி வந்தாலும் இங்கே காட்ட வேண்டும். ஆளுக்கு 1,000 யூரோ விலக்கு, அதற்கு மேல் 26.375%. பிபிஎஃப் கணக்கை முதிர்வு வரை தொடரலாம், நீட்டிக்க முடியாது.

வந்து இறங்கியதும்: வீடு குடியேறி இரண்டு வாரத்துக்குள் ஆன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் நடக்காது, அதனால் பதிவுக்கு ஒப்புக்கொள்ளாத தற்காலிக வீட்டை எடுக்காதே. பதிவுக்குப் பிறகு 11 இலக்க வரி எண் தபாலில் வரும். தபால் பெட்டியில் உன் பெயர் ஒட்டவில்லை என்றால் கடிதம் திரும்பிப் போகும். அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகை, மூன்று தவணையில் கட்ட உனக்கு உரிமை உண்டு. குட்டி வந்ததும் குழந்தைப் பணத்துக்கு விண்ணப்பி, 2026இல் மாதம் 259 யூரோ. ஆறு மாதத்துக்கு மேல் பின்தேதி கிடைக்காது. பள்ளியில் தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், மஞ்சள் அட்டையோ என்னவோ, உள்ளதைக் கொண்டு வா.

குட்டி பள்ளியில் சேர்ந்த பிறகு ஊர்ப் பயணம் பள்ளி விடுமுறைக்குள்தான். பவேரியாவில் கோடை விடுமுறை ஆகஸ்ட்டிலிருந்து செப்டம்பர் நடுவரை. டிக்கெட் மலிவு என்று இரண்டு நாள் முன்னால் அவளைக் கூட்டிக் கிளம்பினால் அபராதம் உண்டு. விமான நிலையத்தில் போலீஸ் கேட்பதும் நடக்கிறது. பொங்கலுக்கு வர வாய்ப்பே இல்லை, மனசைத் தேற்றிக்கொள்.

டிக்கெட் போடும்போது ஒன்று. ஐரோப்பாவிலிருந்து புறப்படும் எந்த விமானமும் அவர்கள் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாய்ச் சேர்ந்தால், இவ்வளவு தூரத்துக்கு ஆளுக்கு 600 யூரோ வரை இழப்பீடு. சென்னையிலிருந்து திரும்பும்போது ஐரோப்பிய விமான நிறுவனமாக இருந்தால்தான் அது செல்லும், வளைகுடா வழியாக வந்தால் கிடையாது. ஊருக்கு வரும் நாட்களுக்குத் தனிப் பயண மருத்துவக் காப்பீடும் எடு. இங்குள்ள அரசு காப்பீடு இந்தியாவில் ஒரு பைசா தராது.

அம்மாவைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை. திடீரென்று கிளம்ப வேண்டி வந்தால் கையில் ஜெர்மனியில் தங்குவதற்கான செல்லுபடியாகும் அனுமதி அட்டை இருக்க வேண்டும். புதுப்பிக்கக் கொடுத்திருக்கும் காலத்தில் ஒரு இடைக்காலச் சான்று தருவார்கள். அதில் அனுமதி தொடர்கிறது என்ற கட்டம் குறிக்கப்பட்டிருந்தால் ஜெர்மனிக்குத் திரும்பலாம், ஆனால் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் வழியாக மாறிப் போகாதே, ஃபிராங்ஃபர்ட்–சென்னை நேரடி விமானம்தான் பத்திரம். அட்டை காலாவதியாக மூன்று மாதம் இருக்கும்போதே புதுப்பிக்க எழுதிவிடு. அம்மாவோடு நீண்ட நாள் இருக்க நேர்ந்தால், ப்ளூ கார்டுக்கு (படித்த வேலைக்காரர்களுக்கான தங்கும் அனுமதி) 12 மாதம் வரை வெளியே இருக்க இடமுண்டு, சாதாரண அனுமதிக்கு ஆறுதான். உன் ஆஃபர் ப்ளூ கார்டில்தானா என்று இன்றே கேள். பக்கத்து வீட்டு அத்தையிடம் ஒரு சாவியும் உன் இங்குள்ள எண்ணும் இருக்கட்டும்.

ஆஃபரில் இடமாற்றச் செலவு பற்றிய பக்கத்தை எனக்கு அனுப்பு. அதில் ரகுவின் டிக்கெட்டும் உண்டா என்று தெரிந்தால் டிசம்பர் தேதியை முடிவு செய்யலாம்.

உன்,
மாலதி

பி.கு. பெட்டியில் நெய், பால்கோவா, கறிவேப்பிலை மூன்றும் வேண்டாம். பால் பொருளுக்குத் தடை, இலைக்குத் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். பருப்புப் பொடி, புளி, அப்பளம் கொண்டு வா. மெஸ் மாஸ்டர் ஊறுகாய் இரண்டு பாட்டில், செக்-இன் பெட்டியில், மூடியைச் சுற்றி டேப் ஒட்டி.